டெலீட் இல்லாத கேமரா

ரோஜா சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஆனால் கண்ணால் பார்க்க முடியாது. தென்னரசுவுக்கு அதுதான் தீராத பேஜாரு. சிரிப்பு தொண்டையை விட்டுக் கிளம்பி வாய்க்கு வருவதற்குள் அவளுடைய வலது கை அங்கே வந்து காவல் நின்றுவிடும். கைக்கு வேறு வேலை இருந்தால் முந்தானை வரும். முந்தானையும் சிக்கவில்லையென்றால் முகத்தையே அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எல்லாம் ஒரே ஒரு தெத்துப்பல்லால் வந்த வினை.

கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவன் மாலையும் கழுத்துமாக நின்றவளைப் பார்த்து, பல் தெரியாமல் சிரிக்கச் சொன்னான். சொன்னவன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவன் சொன்ன சொல் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அந்த ஆல்பத்தைப் புரட்டினால், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு துப்ப இடம் கிடைக்காதவள் மாதிரிதான் பக்கத்துக்குப் பக்கம் நிற்பாள்.

அப்புறம் செல்போன் வந்தது. இனி கவலையில்லை என்று தென்னரசு நினைத்தான். அங்கேதான் ஏமாந்தான். அவன் எடுத்து முடிப்பதற்குள் "காட்டு" என்பாள், காட்டிய மறு நொடி "அழி" என்பாள். அவன் அழிக்காவிட்டால் போனைப் பிடுங்கி அவளே அழிப்பாள். குப்பைத்தொட்டி என்று போனுக்குள் ஒன்று இருக்கிறதே, அதையும் திறந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் போனைத் திருப்பித் தருவாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் வெண்ணிலா வீடியோ காலில் வந்தால்கூட அம்மாவின் முந்தானையைத்தான் பார்க்கிறாள்.

தென்னரசுவும் ரோஜாவும் விழுப்புரத்தில் சீசன் வியாபாரம் பண்ணுகிறவர்கள். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி. பனிக்காலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, மழைக்காலத்தில் வெங்காயம், வெயில் வந்துவிட்டால் தர்பூசணி. திண்டிவனத்துக்கு விடியற்காலையில் போய் மரக்காணம் ரோட்டில் பழம் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் விற்றுக்கொண்டே திரும்புவார்கள். வண்டி ஓட்டுவதும் மைக்கில் கூவுவதும் அவன், பழத்தைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொடுப்பது அவள். ஆக, நாள் முழுக்க அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே அவன் உட்கார்ந்திருக்கிறான். கை மறைப்பதற்கு முன்னால் ஒரு கண்ணிமைப்பு நேரம் அந்தத் தெத்துப்பல்லும் கன்னக்குழியும் சேர்ந்து ஒரு மின்னல் அடிக்கும் பாருங்கள், அதைப் பார்த்த ஒரே ஆள் உலகத்தில் அவன்தான். நாளைக்கு அவன் போய்விட்டால் அதற்குச் சாட்சி சொல்ல ஒருத்தரும் கிடையாது. ஒரே ஒரு படம், சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு படம் போதும் என்பதுதான் அவன் ஆசை.

வண்டியில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது என்று ஒரு நாள் பிரவீன்குமார் கடைக்குப் போனான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன் பிரவீன்குமார். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பிலிம் கேமராக்களையும் அடுக்கி வைத்திருப்பான். இப்போது காலேஜ் பிள்ளைகளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறதாம். அன்றைக்கும் ஒரு பெண் பிள்ளை அப்படி ஒரு கேமராவைத் தூக்கிக் கடையையே படம் எடுத்துக்கொண்டிருந்தது. தென்னரசு பழக்கதோஷத்தில், எங்கே காட்டும்மா என்றான். இதில் உடனே பார்க்க முடியாது அங்கிள், ரோல் முழுக்க முடிந்து சென்னைக்கு அனுப்பிக் கழுவினால்தான் தெரியும் என்றது அந்தப் பிள்ளை. பிடிக்காததை எப்படி அழிப்பாய் என்று கேட்டான். அழிக்கவே முடியாது என்றது. ஸ்பீக்கரை மறந்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான் தென்னரசு.

மறைவாக வாங்கி மறைவாக எடுக்கலாம்தான். ஆனால் ரோஜாவிடம் மறைத்து ஒரு பீடிக்கட்டுகூட அவன் வாங்கினதில்லை. தவிர, அவள் தட்டிப் பார்க்காமல் அந்த வீட்டுக்குள் ஒரு சாமான் வந்ததில்லை. இரண்டு நாள் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு போனான்.

பிரவீன்குமார் மூன்று கேமராக்களை எடுத்து மேசைமேல் வைத்தான். தென்னரசு தன் தேவையைச் சொன்னான். தினமும் வண்டியிலேயே கிடக்கணும், வெயில் தாங்கணும், புழுதி தாங்கணும், கீழே விழுந்தால் எழுந்து வேலை செய்யணும், சட்டைப்பையில் அடங்கணும், எடுத்த கையோடு ஒற்றைக் கையால் அமுக்கினால் படம் விழணும். இதெல்லாம் சொல்லி முடிக்கும்வரை ரோஜா அந்த மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"தம்பி, இதுல அழிக்கிற பட்டன் எங்க இருக்குது?"

அப்படி ஒன்று கிடையாது என்று பிரவீன்குமார் சொன்னதும் அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். தென்னரசு சுவரில் மாட்டியிருந்த சார்ஜர்களை எண்ண ஆரம்பித்தான்.

"ஓஹோ. அதுக்குத்தான் அய்யா பாசமா கூட்டியாந்தீங்களா."

இனி மறைத்துப் பயனில்லை என்று தென்னரசு உள்ளதைச் சொல்லிவிட்டான். நீ சிரிக்கிற படம் ஒன்று எனக்கு வேணும், அவ்வளவுதான், வேறெதுவும் கேட்கவில்லை என்றான். கடைக்காரன் எதிரில் இப்படிச் சொன்னதில் அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஒரு கண்டிஷன் போட்டாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா கழுவி வந்ததும் மொதல்ல என் கைக்குத்தான் வரணும். புடிக்கலன்னா அங்கயே கிழிச்சிப் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கக் கூடாது."

தென்னரசு சரி என்றான். அவள் கிழிக்கிறேன் என்றால் கிழிப்பாள். அப்படிப்பட்ட ஆள்.

ஆனால் வாங்குவது என்று ஆனபிறகு ஏனோதானோவென்று வாங்க அவளால் முடியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். முதல் கேமரா இரும்பில் செய்தது, கையில் எடுத்தால் படிக்கல் கனம். ஆனால் எதிரில் நிற்கிற ஆள் எத்தனை அடி தூரம் என்று நாமே கணக்குப் போட்டு வளையத்தைத் திருப்ப வேண்டுமாம். இவர் திருப்பி முடிப்பதற்குள் நான் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடுவேன் என்று அதை ஒதுக்கினாள். இரண்டாவது, பட்டனைத் தொட்டால் மூக்கை வெளியே நீட்டுகிற ஜூம் கேமரா. பிரவீன்குமாருக்கு அதை விற்கத்தான் ஆசை. ரோஜா அதைக் காதோரம் வைத்து, பழத்தைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே ஏதோ கடகடத்தது. நீட்டின மூக்குக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடுக்கை நகத்தால் காட்டி, மரக்காணம் ரோட்டு மணல் இதற்குள் போனால் மூக்கு உள்ளே போகுமா என்று கேட்டாள். பிரவீன்குமார் தலையைச் சொறிந்தான்.

மூன்றாவது கறுப்பு பிளாஸ்டிக். பார்த்தால் சோப்பு டப்பா. நீட்டுகிற மூக்கெல்லாம் கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் இழுத்து மூடுகிற ஒரு மூடி, திறந்தால் கேமரா விழித்துக்கொள்ளும், மூடினால் தூங்கிவிடும். தூரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், பிலிமையும் அதுவே சுற்றிக்கொள்ளும். லேசான மழைக்குப் பயமில்லை, விளிம்பெல்லாம் ரப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கடையில் கிடைக்கிற பென் பேட்டரியிலேயே ஓடும். ரோஜா தட்டினாள். தொப்பென்று, பழுத்த பழத்தின் சத்தம் வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். அப்புறம் அதை மேசைக்கு மேலே முழ உயரத்துக்குத் தூக்கவும் பிரவீன்குமார் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்கா, வாங்கிட்டுப் போடுங்க அக்கா என்று கெஞ்சினான். பேரம் பேசி, கூட ஒரு ரோலும் போட்டு வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினாள்.

புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் பூஜை போடாமல் தொடுவார்களா? வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி, எலுமிச்சம்பழம் வைத்து, கேமராவை டேஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். வண்டியின் ஹெட்லைட்டுகளுக்குச் சந்தனம் வைத்த கையோடு ரோஜா கேமராவுக்கும் வைத்தாள். பிளாஷுக்கு ஒரு பொட்டு, மூடியைத் திறந்து உள்ளே இருந்த கண்ணுக்கு நடுவில் ஒரு பெரிய பொட்டு, அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டிவிட்டு மூடியை மூடினாள். பிளாஷில் இருந்ததைத் தென்னரசு துண்டால் துடைத்தான். மூடிக்குள் இருந்த பொட்டை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். அந்தக் கேமராவில் ஆள் பார்க்கிற சன்னல் தனி, படம் விழுகிற கண்ணாடி தனி. சன்னல் வழியாக அவனுக்கு உலகம் பளிங்குபோல் தெரிந்தது. அவன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போனான்.

அந்த சோப்பு டப்பா பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கே இரக்கம் வரும். பழம் இறக்கும்போது பையிலிருந்து நழுவித் தார் ரோட்டில் விழுந்தது. சீட்டுக்கு அடியில் ஜாக்கியோடு கிடந்தது. வெட்டின பழத்தின் சாறு ஒழுகி ஒட்டிக்கொண்டு, மறுநாள் எறும்பு மொய்த்தது. ஒரு முறை விக்கிரவாண்டி டோல் கேட்டில் சில்லறை என்று நினைத்து அதையே எடுத்து நீட்டிவிட்டான். எதற்கும் அது அசரவில்லை. மூடியைத் திறந்தால் விழித்தது, அமுக்கினால் சர்ர் என்று சுற்றிக்கொண்டது. அசராத இன்னொன்று ரோஜாவின் கை. அவன் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் அவள் கை வாய்க்குப் போயிருக்கும். அந்த ரோலில் பாதிக்கு மேல் அவளுடைய ஐந்து விரல்தான் விழுந்திருக்கும் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் விடவில்லை. அவளுக்கும் இது ஒரு விளையாட்டாகிப் போனது. கெடார் கிராமத்தில் ஒரு நாள், வேண்டுமென்றே சிரித்து, அவன் அவசரமாகக் கேமராவை எடுத்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு பழத்தைத் துடைத்தாள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. பழத்தின் மேல் தார்ப்பாய் போடுகிற அவசரத்தில் மூடி திறந்த கேமராவை வண்டியின் கேபின் கூரை மேலேயே விட்டுவிட்டான். அது முழு மழையும் நனைந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று எடுத்துத் துண்டால் துடைத்து அமுக்கிப் பார்த்தான். சர்ர் என்றது. கேமராவை முத்தமிட்டான்.

மறுநாள் காலை மண்டகப்பட்டுக்குப் போனார்கள். விற்க ஆரம்பிப்பதற்கு முன்னால், நல்ல புடவை கட்டியிருக்கிறேன், இன்றைக்கு நீங்கள் சொன்னபடி நிற்கிறேன் என்று ரோஜாவே பெரிய மனதுபண்ணிக் அந்த ஊர்க் குகைக்கோயிலில் துவாரபாலகர் சிலை பக்கத்தில் போய் நின்றாள். வாய் மூடித்தான். இரண்டு படம் எடுத்தான். பிறகு தெருவுக்குள் வண்டியை ஓட்டி மைக்கைப் பிடித்தான்.

அங்கே விருத்தாசலம் என்று ஒரு பெரியவர். பழம் வாங்க வந்தவர் ஒன்றைத் தட்டுவார், காதில் வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், அடுத்ததைக் கேட்பார். ரோஜா இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிக் காட்டிச் சளைத்துவிட்டாள். கடைசியாக, வண்டியிலேயே பெரிய பழத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். தென்னரசுவுக்குப் பொறுமை போய்விட்டது. கழுத்தில் மாட்டியிருந்த மைக் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னான்.

"இந்த ஆளு பழம் வாங்க வரலம்மே, பொண்ணு பாக்க வந்துக்கிறாரு."

குழாய் ஸ்பீக்கரில் அது ஊருக்கே போனது. குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தென்னரசுவுக்கு உயிரே போய்விட்டது. பெரியவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த பழத்தைக் காதில் வைத்துத் தட்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"அப்ப சொஜ்ஜி பஜ்ஜி எங்கய்யா?"

அதுவும் மைக்கில் போனது. தெரு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. ரோஜா சிரித்தாள் பாருங்கள், வயிற்றிலிருந்து கிளம்பின சிரிப்பு. கை வர வேண்டுமே? இரண்டு கையிலும் பழம். கீழே போட்டால் சிதறிவிடும். வியாபாரியின் கை பழத்தை விடுமா? முகத்தைத் திருப்பலாம் என்றால் அந்தப் பக்கமும் சனம். தெத்துப்பல்லும் கன்னக்குழியும் வெயிலில் அப்படியே நின்றன. தென்னரசுவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, கட்டைவிரல் மூடியைத் தள்ளியது, ஒற்றைக் கையால் அமுக்கினான். பிலிம் சுற்றிக்கொள்கிற சர்ர்ரும் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது. யோவ், யோவ் என்று கத்தினாள், ஆனால் கத்தும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் அவள் கையிலிருந்த அந்தப் பழத்தைத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

ரோல் முடிந்து கேமராவைப் பிரவீன்குமாரிடம் கொடுத்தபோது அவன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, அண்ணா, லென்ஸுக்குப் பொட்டு வச்சீங்களா என்று அழாக்குறையாகக் கேட்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு படம்கூடத் தேறாது என்று தென்னரசுவுக்குத் தோன்றிவிட்டது. திட்டலாம், ஆனால் யாரைத் திட்டுவது? சாமிக்குச் செய்ததை யார் குறை சொல்வது? ரோஜாதான் அவன் தோளில் கைவைத்து, வந்த பிறகு பார்க்கலாம் என்றாள். சொல்லப்போனால் அவளுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. சென்னையிலிருந்து கவர் வருகிறவரை அவனுக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

கவர் வந்தது. திண்டிவனம் போகிற வழியில் விடியற்காலையில் பிரவீன்குமார் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி அது ரோஜாவின் மடிக்குப் போனது. அவள் பிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது பார்க்கலாம், ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள். விக்கிரவாண்டி போனது, கூட்டேரிப்பட்டு போனது. தென்னரசு ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்த மடியைப் பார்த்த நேரம் அதிகம். இரண்டு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கவரைப் பிரித்தாள். முதல் படம் மஞ்சள் மூட்டம். இரண்டாவதும் மூட்டம், அதற்குள் ஒரு லாரி மாதிரி ஏதோ. மார்கழிப் பனியில் எடுத்ததுபோல் படம் படமாக வந்துகொண்டே இருந்தது. நான் வைத்த பொட்டுதான் என்று ரோஜா முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தென்னரசு டீயைத் தொடவில்லை.

சட்டென்று மூட்டம் விலகியது. மழை கழுவிவிட்ட கண்ணாடி. நனைந்த அன்றைக்கு அமுக்கிப் பார்த்ததில் விழுந்த தார்ப்பாய் ஒன்று, அடுத்தது குகைக்கோயில். துவாரபாலகர் பக்கத்தில் புடவையின் மடிப்பு மடிப்பாகத் தெரிய, வாயை மூடிக்கொண்டு ரோஜா. அடுத்ததும் அதே. அதற்கடுத்தது அந்தப் படம். எல்லாவற்றிலும் தெளிவான படம் அதுதான். பழத்தின் பச்சை வரி, நெற்றி வேர்வை, கன்னக்குழி, தெத்துப்பல், எதையும் அது மறைக்கவில்லை. இவ்வளவு தெளிவாக விழுந்து தொலைந்ததே, கிழிக்கப்போகிறாள் என்று தென்னரசு கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம்தான் வந்தது. காகிதம் கிழிகிற சத்தமில்லை. கண்ணைத் திறந்தான். ரோஜா படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொஜ்ஜி பஜ்ஜி கேட்டாரே அந்த மனுசன் என்றாள், மறுபடி சிரித்தாள், மூச்சு முட்டியது. போனில் என்றால் எடுத்த உடனே அவள் பார்ப்பது பல்லைத்தான். இது இத்தனை நாள் கழித்து வந்ததில், பல்லுக்கு முன்னால் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டார், மைக் வந்துவிட்டது, தெருவே வந்துவிட்டது. டீக்கடையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய வலது கை சும்மாதான் மடியில் கிடந்தது. அது எழவே இல்லை.

சிரித்து ஓய்ந்து, முந்தின இரண்டு படங்களையும் எடுத்தாள். குகைக்கோயில் படங்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல யாரு சிலைன்னே தெரியல" என்று சொல்லி, இரண்டையும் நான்காகக் கிழித்து டீக்கடைக் குப்பைக்கூடையில் போட்டாள். சிரித்த படத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இத பெருசா பேனர் அடிச்சி வண்டி பின்னாடி கட்டிடுங்க."

அவன் காதில் விழுந்ததை அவனே நம்பவில்லை. பல் தெரிகிறதே என்று திக்கித் திணறிச் சொன்னான்.

"தெரியட்டும். இவ்ளோ சந்தோஷமா ஒருத்தி பழத்த தூக்கிக்கினு நிக்கிறா. பாத்தவன் வாங்காம போவானா?"

சட்டைப்பைக்குள் வைக்க ஒரு படம் கேட்டவனுக்கு, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் காட்டுகிற படம் கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் என்று வைத்திருந்தது போகிறதே என்று ஒரு நொடி பொறாமைப்பட்டான். அடுத்த நொடி சந்தோஷம் தாங்கவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோய் வண்டியின் பின்பக்கக் கதவைச் சாண் போட்டு அளந்தான். உயரம் போதாது, மேலே கம்பி கட்டி ஒரு முழம் உயர்த்திவிடலாம் என்று முடிவு செய்தான்.